கடல் கடந்து வந்த வெள்ளி: ஸ்பானிய நாணயங்களை அறிதலும் காத்தலும்

பெங்களூருக்குக் கிழக்கே, கோலாரில், பூமியின் வயிற்றைத் துளைத்து ஆழத்திலிருந்து தங்கத்தை எடுத்த நாடு இது. ஆயினும் வெள்ளியைப் பொறுத்தவரையில் தென்னிந்தியா எக்காலத்திலும் பிற தேசங்களை எதிர்பார்த்தே வாழ்ந்து வந்திருக்கிறது. நம் வீடுகளின் குத்துவிளக்கிலும் பன்னீர்ச் செம்பிலும், மணப்பெண்ணின் கொலுசிலும் மெட்டியிலும், நவாபுகளும் கும்பினியாரும் அச்சிட்ட ரூபாய்களிலும் கலந்திருக்கும் வெள்ளியில் பெரும்பகுதி என்றோ ஒருநாள் கப்பலிலிருந்து இறங்கியதேயாகும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அவ்வாறு இறங்கிய வெள்ளிக்கு மூல ஊற்றாக இருந்தவை, ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த மெக்ஸிகோவும் பெருவும். அந்த வெள்ளி பாளங்களாகவும் வந்தது. அதனினும் மிகுதியாக, எட்டு ரியால் மதிப்புள்ள பெரிய வட்ட நாணயமாக, நம்மவர் ஸ்பானிய டாலர் என்றும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் பியாஸ்தர் என்றும் அழைத்த உருவத்தில் வந்தது.

ஆகவே, பெங்களூரின் சிக்பேட்டையிலோ நகரத்தார்பேட்டையிலோ உள்ள ஒரு வெள்ளிக் கடையில், பழைய வெள்ளிச் சாமான்களோடு சாமானாக இத்தகைய நாணயம் ஒன்று தராசுத் தட்டில் வந்து விழுமானால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியக்கத்தக்கது, அது உருகாமல் தப்பிப் பிழைத்திருப்பதுதான். அப்படித் தப்பிய நாணயத்தை இன்னதென்று அறிந்துகொள்வது எவ்வாறு, அறிந்த பின் அதனைக் கெடாமல் காப்பது எவ்வாறு என்னும் இரண்டு கேள்விகளையும் தனித்தனியே எடுத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அவை ஒரே கேள்வியின் இரு பகுதிகள். நாணயத்தின் காலம், ஊர், உண்மை ஆகிய மூன்றுக்கும் வேண்டிய சான்றுகள் யாவும் அதன் மேற்பரப்பிலும் விளிம்பிலுமே இருக்கின்றன; அந்த மேற்பரப்பையே, துலக்கிப் பளபளப்பாக வைப்பது நன்று என்னும் நம் குடும்ப வழக்கம் முதலில் அழித்துவிடுகிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்தாலன்றி, மற்ற நுணுக்கங்களைக் கற்றும் பிரயோஜனமில்லை.

முதலில் சரித்திரத்தைச் சிறிது பார்க்க வேண்டும். மெக்ஸிகோ நகரத்தில் தங்கசாலை அமைப்பதற்கான அரசாணை 1535-இல் பிறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1545-இல், இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது. பாதரசத்தைக் கொண்டு தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை பரவிய பின்னர், உலகம் அதுவரை கண்டிராத அளவில் வெள்ளி பெருகிற்று. அது நம் கரையை அடைந்த வழிகள் இரண்டு. அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினின் செவில்லுக்கும் காதிஸுக்கும் போய், அங்கிருந்து லண்டன், ஆம்ஸ்டர்டாம், லோரியான் ஆகிய துறைகளில் கும்பினிக் கப்பல்களில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்தது ஒரு வழி. மற்றொன்று, 1565 முதல் 1815 வரை மெக்ஸிகோவின் அக்காபுல்கோவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழி. சோழமண்டலக் கரையின் துணிகளை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குச் சென்ற வியாபாரிகள் அவ்வெள்ளியைத் திரும்பும் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

இந்த இரண்டாம் வழியை நம் சரித்திர நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. மணிலாத் துறைமுகம் ஆங்கிலேயருக்கு மூடப்பட்டிருந்தமையால், சென்னை வியாபாரம் ஆர்மீனியர் முதலியோரின் பெயரிலும் கொடியிலும் நடந்தது. அவர்களுள் தலைசிறந்தவரான கோஜா பெத்ருஸ் உஸ்கான், மணிலா வியாபாரத்தில் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு, 1726-இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். சென்னையில் சைதாப்பேட்டையருகே ஆற்றைக் கடப்பவர்கள் ஒருகாலத்தில் மெக்ஸிகோ வெள்ளியின் மீதே நடந்து போனார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. 1762-இல் மணிலாவையே பிடிப்பதற்கு ஆங்கிலேயர் அனுப்பிய படையும் சென்னையிலிருந்துதான் கப்பலேறிற்று; அதில் சென்ற நம் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரில் குடியேறிவிட்டனர்.

வந்த நாணயம் வந்த உருவத்தில் நிலைத்திருக்கவில்லை. ரூபாயும் வராகனும் வழங்கிய நாட்டில் அயல் டாலர் கடைத்தெருவில் செல்லாது. நாணயம் மாற்றும் சராப்பிடம் கொடுத்தால் எடைக்கும் மாற்றுக்கும் ஏற்ப வட்டம் என்னும் கழிவைப் பிடித்துக்கொண்டே பெறுவான். ஆதலின், உருக்கி ரூபாயாக்கும் உரிமையைப் பெறுவதில் கும்பினிகள் பெரும் முயற்சி எடுத்தன. புதுச்சேரி கவர்னர் துய்மா 1736-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றதும், ஐரோப்பாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பியாஸ்தர்கள் அங்கே ஆர்க்காட்டு ரூபாய்களாக உருமாறின. சென்னையிலும் அதுவே நடந்தது. கணக்கும் அதற்கு அனுகூலமாகவே இருந்தது: பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி டாலர் ஒன்றில் ஏறக்குறைய 24.4 கிராம் சுத்த வெள்ளி உண்டு. பின்னர் 1835-இல் நாடு முழுமைக்கும் ஏற்பட்ட கும்பினி ரூபாயில் இருந்ததோ 10.7 கிராம்தான்.

சென்னைத் தங்கசாலையின் சரித்திரத்தில் 1807-ஆம் ஆண்டும் 1808-ஆம் ஆண்டும் நம் விஷயத்துக்கு மிக முக்கியமானவை. அப்போது வெளியான இரட்டை ரூபாய்களிலும், கோபுரமும் விஷ்ணு உருவமும் பொறித்துத் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பெழுதிய அரை வராகன் வெள்ளிக் காசுகளிலும், ஸ்பானிய டாலர்களின் மீதே புதிய அச்சைப் பதித்தவை உண்டு. அச்சின் அழுத்தம் குறைந்த இடங்களில் பழைய ஸ்பானிய உருவம் நிழல்போல் எஞ்சி நிற்கும்: கோபுரத்தின் பக்கத்தே லத்தீன் எழுத்தின் ஒரு கால், நட்சத்திரங்களிடையே அரசனின் முகவாய், விளிம்பில் பழைய வேலைப்பாட்டின் மிச்சம். தென்னிந்திய நாணயங்களைச் சேகரிப்பவர்களுக்கு இதைவிட அருமையான பொருள் வேறில்லை என்றே நான் கருதுகிறேன். ஸ்பானிய நாணயத்தைத் தேடுபவர் ஸ்பானிய நாணயத்தில் மட்டும் தேடினால் போதாது என்பதற்கும் இது சான்று.

எல்லா டாலர்களும் உருக்குமிடத்துக்கே போய்விடவும் இல்லை. சில, வந்த வழியே மீண்டும் கடலேறின. 1812-இல் சமராங் என்னும் போர்க்கப்பல் சென்னையிலிருந்து 40,000 ஸ்பானிய டாலர்களைச் சிட்னிக்குக் கொண்டு சென்றது. நாணயத் தட்டுப்பாட்டால் தவித்துக்கொண்டிருந்த அவ்வூர் கவர்னர் மெக்குவாரி, அவை மறுபடியும் கப்பலேறி ஓடிவிடாமலிருக்கும் பொருட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிடச் செய்து, வளையத்தை ஐந்து ஷில்லிங்காகவும் நடுத்துண்டைப் பதினைந்து பென்ஸாகவும் 1813-ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் முதல் நாணயமென்று இன்று போற்றப்படும் அந்தத் துளை டாலர்கள் சென்னையின் கருவூலத்திலிருந்து போனவை. எஞ்சியிருப்பவை சுமார் 300 மட்டுமே.

மைசூர்ச் சீமையின் கதை சற்றே வேறு. திப்பு சுல்தான் தம் வெள்ளி நாணயங்களை ஹைதரி, இமாமி, அபிதி, பாக்கிரி என்று பெயரிட்டு மிக அழகாக அச்சிட்டார். அவற்றுள் இரட்டை ரூபாயாகிய ஹைதரி, ஸ்பானிய டாலருக்கு அடுத்தபடியான பெரிய காசு. மங்களூரிலிருந்து மஸ்கட்டுக்கு நடந்த அரிசி, மிளகு, சந்தன வியாபாரமும் மலையாளக் கரையின் மிளகு வியாபாரமும் அயல் வெள்ளியை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் பெயரால் காசடித்த மைசூர்த் தங்கசாலையும் பிற்காலத்தில் பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 1843-இல் மூடப்பட்டது. திப்புவின் நாணயங்களைப் பற்றி ஹெண்டர்ஸன் 1921-இல் வெளியிட்ட நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கைவிளக்காக உள்ளது. மைசூர் நாணயம் தேடும் பெங்களூர் அன்பர்களுக்கு அந்நூல் அறிமுகமான அளவுக்கு, அந்நாணயங்களுக்கு மூலப்பொருளாக இருந்த அயல் வெள்ளியின் சரித்திரம் அறிமுகமாகவில்லை.

இனி நாணயத்தைக் கையிலெடுப்போம். விளிம்பை இரு விரலால் பிடித்து, கீழே மெத்தென்ற துணி ஒன்றை விரித்துக்கொண்டு பார்ப்பது நலம். விரலின் வியர்வையிலுள்ள உப்பு வெள்ளிக்குப் பகை, தரையில் விழுந்த விளிம்பும் மீண்டும் நேராகாது.

எட்டு ரியால் நாணயங்களை மூன்று காலத்தனவாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் நீங்கும். முதற் காலத்தவை கையால் வெட்டி, சம்மட்டியால் அடித்தவை. வெள்ளிப் பாளத்தைத் துண்டு போட்டு, எடை சரியாகும் வரை ஓரங்களை நறுக்கி, இரு அச்சுகளுக்கிடையே வைத்து அடித்தமையால் இவை வட்டமாக இரா. ஒன்றைப் போல் ஒன்று இரா. அச்சின் ஒரு பகுதிதான் பதிந்திருக்கும். ஒரு புறம் சிலுவையும் அதன் மூலைகளில் கோட்டையும் சிங்கமும், மறுபுறம் அரசச் சின்னமோ, கடலலைகளின் மேல் நிற்கும் இரு தூண்களோ காணப்படும். பொட்டோசியில் தூண்களும் அலைகளுமாக அச்சு மாறியது 1652-இல். மாற்று குறைந்த வெள்ளியை நாணயமாக்கிய மோசடி அங்கே வெளிப்பட்டு, அதில் சம்பந்தப்பட்ட பெரும் வெள்ளி வியாபாரி மரண தண்டனை பெற்ற பின்பு, பழைய காசுகளின் மீது விழுந்த களங்கத்தை நீக்குவதற்காக அந்த மாற்றம் செய்யப்பட்டது. நாணயம் சோதிக்கும் நம் நோட்டக்காரர்கள் அயல் டாலர்களை ஊர்வாரியாகப் பிரித்து வாங்கியதில் நியாயம் இருந்தது என்பதை அச்செய்தி காட்டும்.

இரண்டாம் காலம் 1732-இல் மெக்ஸிகோவில் இயந்திரத்தோடு தொடங்குகிறது. இக்காலத்து நாணயம் முழு வட்டம். அகலம் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர். எடை 27 கிராம், அதாவது இரண்டேகால் தோலாவுக்குச் சற்று மிகுதி. முடிசூடிய இரு தூண்களுக்கிடையே, அலைகளின் மேல் பூகோளத்தின் இரு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்க, அவற்றின் மேல் ஒரே மகுடம் கவிந்திருக்கும்; இரண்டும் ஒன்றே என்னும் பொருளுடைய லத்தீன் வாசகம் மேலே வளைந்திருக்கும். மறுபுறம் அரசச் சின்னமும், ஸ்பெயினுக்கும் இண்டீஸுக்கும் அரசன் என்ற பட்டமும் இருக்கும். இண்டீஸ் என்பது இங்கே அமெரிக்க நாடுகளையே குறிக்கும். பட்டத்தின் சுருக்கத்தில் நம் நாட்டின் பெயரைப் போன்ற மூன்றெழுத்தைக் கண்டு, இந்தியாவுக்கென்றே அடித்த காசென்று யாரேனும் கூறினால் அதை ஏற்க வேண்டியதில்லை. விளிம்பில் இலைகளைக் கோத்தாற் போன்ற வேலைப்பாடு உண்டு. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க ஏற்பட்ட காவல் அது. எல்லா ஊர்களும் ஒரே சமயத்தில் இயந்திரத்துக்கு மாறவில்லை. பொட்டோசி 1767-இல்தான் இவ்வகையை அடிக்கத் தொடங்கிற்று. அங்கே கையால் அடிப்பதும் 1773 வரை நீடித்தது. ஆதலால் கரடுமுரடான காசு என்றாலே மிகப் பழையது என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாம் காலம் 1772-இல் தொடங்கி, அமெரிக்க நாடுகள் விடுதலை பெறும் வரை, அதாவது மெக்ஸிகோவில் 1821, பொட்டோசியில் 1825 வரை செல்கிறது. நம் பக்கத்தில் எஞ்சியவற்றில் இவையே மிகுதி. ஒரு புறம் ரோமானியச் சக்கரவர்த்தியைப் போல் தலையில் இலைமாலை சூடிய அரசனின் மார்பளவு உருவம், கீழே ஆண்டு. மறுபுறம் இரு தூண்களுக்கிடையே கோட்டை, சிங்கம், மாதுளை ஆகியவை அடங்கிய சின்னம். அதன் சுற்றெழுத்தின் கடைசியில் வரும் சிறு குறிகளே நாணயத்தின் ஜாதகம். எம் எழுத்தின் தலைமேல் சிறு ஓ இருந்தால் மெக்ஸிகோ. பி, டி, எஸ் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தால் பொட்டோசி. லிமாவின் எழுத்துகள் பின்னியிருந்தால் பெரு. எஸ் எழுத்தின் மேல் சிறு ஓ இருந்தால் சிலியின் சாந்தியாகோ. அடுத்து எட்டு ரியால் என்ற மதிப்பு. அதன்பின் மாற்றுப் பரிசோதகரின் பெயர் முதலெழுத்துகள்.

இந்தப் பரிசோதகரின் எழுத்துகளை யாரும் அலட்சியம் செய்யலாகாது. சங்ககாலத்திலேயே வண்ணக்கர் என்ற பட்டத்தோடு நாணயம் நோக்குவோரும் அவருள் புலவரும் விளங்கிய நாட்டினராகிய நமக்கு, நாணயத்தின் மீது பரிசோதகன் தன் பெயரை இட்டுப் பொறுப்பேற்பது இயல்பாகவே விளங்கும். மெக்ஸிகோவில் 1785 முதல் நூற்றாண்டின் இறுதி வரை எஃப், எம் என்ற எழுத்துகள் வரும்; 1804 முதல் 1809 வரை சாதாரணமாக டி, எச் வரும். 1795 என்ற ஆண்டோடு டி, எச் எழுத்துகள் சேர்ந்து வந்தால் அக்காசு பொய்யென்று அங்கேயே தெரிந்துவிடும். போலி செய்பவன் உருவத்தைக் கவனமாகப் பார்க்கிறான். எழுத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

அவசரப்பட்டு நல்ல நாணயத்தைப் பொய்யென்று ஒதுக்குவதும் உண்டு. 1772, 1773-ஆம் ஆண்டுகளின் மெக்ஸிகோ நாணயங்கள் சிலவற்றில் ஊர்க்குறியும் பரிசோதகர் எழுத்துகளும் தலைகீழாக நிற்கும். அதே சமயத்தில் வெள்ளியின் மாற்று ஆயிரத்துக்கு 917-இலிருந்து 903-ஆக இரகசியமாகக் குறைக்கப்பட்டதற்கு அதிகாரிகள் வைத்துக்கொண்ட அடையாளம் அது. (1786-இல் மறுபடியும் குறைத்து 896 ஆக்கினார்கள்.) மூன்றாம் சார்லஸ் 1788 டிசம்பரில் இறந்தபோது புதிய மன்னரின் உருவ அச்சு அமெரிக்காவை அடையக் காலதாமதம் ஆயிற்று, ஆகவே 1789, 1790 நாணயங்களில் மகனின் பெயரும் தந்தையின் முகமும் ஒருங்கே இருக்கும். அதற்குப் பிந்திய மெக்ஸிகோ நாணயங்களில் மகனின் பெயரோடு வரும் நான்கு என்னும் எண்ணை நான்கு நேர்கோடுகளாகவே எழுதினர். அதைப் பிழையென்று கருதுவது நம் பிழை. ஏழாம் பெர்டினண்டு 1808-இல் அரசேறியபோதும் இதே நிலைமை நேர்ந்தது. அவர் முகத்தையே பார்த்திராத அச்சுத் தொழிலாளர்கள் கற்பனையாக ஒரு முகத்தைச் செதுக்கினர்.

போலிகளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகளில் எடை முதலாவது. தேய்ந்த நாணயம் 26.5 கிராம் வரை இறங்கலாம். இருபது, இருபத்திரண்டு கிராமில் நிற்பது பித்தளைக்கோ மட்ட உலோகத்துக்கோ மேற்பூச்சிட்ட பண்டம் என்று கொள்ளலாம். எடை சரியாக இருப்பினும், நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி நீருள் தொங்கவிட்டு நிறுக்கும்போது ஏறக்குறைய 2.6 கிராம் குறைய வேண்டும். இக்கலப்பு வெள்ளி நீரைப் போல் பத்தேகால் மடங்குக்குச் சற்று மிகுதியான அடர்த்தியுடையது என்பதே அதன் காரணம். காந்தம் இழுக்கக்கூடாது. இன்று பெங்களூரின் நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்ற கருவியில் ஒரு நிமிஷத்தில் கலப்பு விகிதத்தைப் பார்த்துவிடலாம். அது மேற்பரப்பை மட்டுமே காண்பதென்றாலும், 99 விழுக்காடோ 92.5 விழுக்காடோ வெள்ளி என்று காட்டினால் சந்தேகிக்க வேண்டும். ஏறத்தாழ 90 என்று காட்டுவதோடு, பழங்கால முறையில் முற்றும் பிரிக்க முடியாமல் தங்கிய தங்கத்தின் சிறு சுவட்டையும் காட்டினால் அது நல்ல சகுனம். உரைகல்லில் உரைப்பதையும் ஓரத்தை அராவிப் பார்ப்பதையும் நான் ஒருபோதும் சம்மதியேன். பொற்கொல்லருக்கு அது தொழில்முறை; நாணயத்துக்கு அது புண்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்கது விளிம்பு. மூன்றாம் காலத்து நாணயத்தின் விளிம்பில் வட்டமும் நீள்சதுரமும் மாறி மாறி வரும். அவ்வேலைப்பாட்டை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கிடையே நாணயத்தை உருட்டிப் பதித்தார்கள். ஒவ்வொரு பட்டையும் பாதிச் சுற்றை முடிக்கும் இடத்தில் கோலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிறிது குழம்பிப் போயிருக்கும். எதிரெதிராக இரண்டு இடங்களில் அக்குழப்பத்தைக் காண்பது உண்மைக்குச் சாட்சி. சுற்றிலும் பிசகின்றி ஓடும் அழகிய விளிம்பும், நடுவே மயிரிழை போன்ற பொருத்துக் கோடு ஓடும் விளிம்பும் வார்ப்பின் இலட்சணங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கையில் மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள் நிறைந்திருப்பதும் வார்ப்பையே காட்டும். கடலுள் கிடந்த நாணயத்திலும் இத்தகைய அரிப்பு உண்டாகக்கூடுமாதலால், இந்த ஒன்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

ஸ்பானிய நாணயமென்று தவறாகக் கருதப்படும் வேறு பெரிய வெள்ளிக் காசுகளும் நம் குடும்பங்களில் இருக்கின்றன. அரபு நாட்டு வியாபாரத்தில் வந்த மரியா தெரேசா காசு ஒரு பருத்த பெண்மணியின் உருவமும் 1780 என்ற மாறாத ஆண்டும் உடையது. அவ்வாண்டுக்குப் பின்னும் பல நாடுகளில் அதை அடித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் உலகயுத்த காலத்தில் பம்பாய்த் தங்கசாலையிலும் அடித்தார்கள். கையில் சூலமேந்தி நிற்கும் பிரித்தானிய வியாபார டாலர் 1895 முதல் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அச்சானது. கழுகும் பாம்பும் உள்ளது விடுதலை பெற்ற மெக்ஸிகோவினுடையது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் மீண்ட தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் இவை யாவும் கலந்தே கிடக்கும்.

காப்பாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி கறுப்பது அழுக்கினாலன்று. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு கூடி, மெல்லிய சல்பைடுப் படலமாகப் படிவதால். அப்படலம் மெதுவாகவும் சமமாகவும் படிந்தால், முதலில் பொன்னிறமும் பின்னர் நீலமும் சாம்பலுமாக மாறி, கீழேயுள்ள உலோகத்துக்கு ஒருவகைப் போர்வையாகவே அமைந்துவிடும். திருநீற்றாலோ, புளியாலோ, பற்பொடியாலோ தேய்க்கும்போது என்ன நிகழ்கிறது? கருமையோடு வெள்ளியும் போகிறது. அச்சு உண்டாக்கிய இயற்கையான மினுக்கம் போய், ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களின் பளபளப்பு வருகிறது. பரிசோதகர் எழுத்தின் கூர்மை மழுங்குகிறது. விளிம்பின் இரட்டைப் பதிவு மறைகிறது. 1808-ஆம் ஆண்டு அரை வராகனின் அடியில் நிழலாக நின்ற ஸ்பானிய முகம், இருநூறு ஆண்டுகள் தாங்கி நின்றபின், ஒரு பண்டிகைக்கு முந்திய மாலையில் ஒழிந்துபோகிறது. பூஜைச் சாமான்களைத் துலக்குவது தர்மம். அதனை நான் குறைத்துக் கூறவில்லை. அதே தட்டில் நாணயத்தையும் போட்டுத் துலக்குவதைத்தான் கைகூப்பித் தடுக்க விரும்புகிறேன்.

கடைகளில் விற்கும் வெள்ளித் திராவகங்களில் முக்கினால் கணத்தில் வெண்மை வரும். அது மேற்புறத்தைக் கரைத்து வரும் வெண்மையாதலின், நாணயம் உயிரற்று வெளிறிப் போகும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் கொண்டு செய்யும் முறை அதைவிட மிதமானது என்று சிலர் வாதிப்பர். சல்பைடை மறுபடி வெள்ளியாக்குவதால் உலோக நஷ்டம் குறைவு என்பது மெய்யே; ஆனால் மீளும் வெள்ளி பொடிபோல் மங்கலாகத் தங்குவதோடு, இயற்கையான நிறமும் அடியோடு போய்விடுவதால், சாமான்களுக்கு ஏற்கலாமேயன்றி நாணயங்களுக்கு ஏற்பதற்கில்லை. செய்யக்கூடியவை சொற்பம். எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக்கின் பசையும் படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று ஊறவைத்து எடுக்கலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்பின் அருகின்றி, கண்ணாடிப் பாத்திரத்தில் செய்ய வேண்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நெடுநேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தலாம். அதற்கு மேல் வேண்டியிருப்பின், அது வீட்டில் செய்யும் வேலையன்று.

கடலடியிலிருந்து வந்த நாணயங்களின் நிலை தனி. 1747-இல் நன்னம்பிக்கை முனைக்கருகே மூழ்கிய ரெய்கர்ஸ்தால் என்னும் டச்சுக் கப்பலில் இருந்த, இரண்டாம் காலத்துத் தூண் உருவ டாலர்கள், பிற்காலத்தில் மீட்கப்பட்டு, உலகச் சந்தையெங்கும் பரவியிருக்கின்றன. உப்புநீரில் வெள்ளி குளோரைடாகவும் சல்பைடாகவும் மாறிப் பருத்துவிடுமாதலால், எடை குறைந்து, முகம் அரித்து நிற்பதே அவற்றின் இயல்பு. உப்பு முழுவதும் நீங்காத நாணயம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் உதிரத் தொடங்கும். நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பதும் மின்சார முறையால் உலோகத்தை மீட்பதும் பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணரின் காரியங்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றி நம் வீடுகளுக்கே உரிய சில அபாயங்களைச் சொல்ல வேண்டும். ரப்பர் வளையத்தால் கட்டி வைத்த காசில் அவ்வளையத்தின் உருவமே கருங்கோடாகப் பதிந்திருக்கும். ரப்பரில் கந்தகம் உண்டு. கம்பளித் துணியிலும் செய்தித்தாளிலும் கந்தகம் உண்டு. மலிவான ஆல்பங்களின் மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலப் பசையைக் கசியவிட்டு, பச்சை நிறக் களிம்பைப் படியவைக்கும். அவற்றுக்குப் பதில் மைலார் உறைகளே உத்தமம். புதிய பலகைகளின் பசையும், துணிக்கென்று பீரோவில் போட்டுவைக்கும் அந்துருண்டையும் வெளியிடும் ஆவிகளிலிருந்து நாணயத்தை விலக்கி வைக்க வேண்டும். பெங்களூரின் காற்று சென்னையைப் போல் கடலுப்பு கலந்ததன்று என்பது இங்குள்ளவர்களுக்கு வாய்த்த பாக்கியம். ஆயினும் மழைமாதங்களின் ஈரமும் வாகனப் புகையும் வெள்ளிக்கு நல்லவையல்ல. இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலமிட்டு, அது நிறம் மாறும்போது உலர்த்தி மீண்டும் இடுவது போதுமானது.

சராப்பு முத்திரைகளும் சீன வியாபாரிகளின் எழுத்துமுத்திரைகளும் குத்தப்பட்ட டாலர்களைப் பழுதுபட்டவை என்று குறைந்த விலைக்குத் தள்ளுவோர் இருக்கிறார்கள். நானோ அவற்றையே தேடி வாங்கச் சொல்வேன். ஒவ்வொரு முத்திரையும் ஒரு நோட்டக்காரன் பார்த்து ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி. அவ்வாறே காசுமாலைக்கும் லம்பாணிப் பெண்களின் ஆபரணங்களுக்குமாகத் துளையிட்ட காசுகளும், பொடி வைத்து ஊதி வளையம் ஒட்டிய காசுகளும் உண்டு. வளையத்தைப் பிய்த்து, துளையை ஈயத்தால் அடைத்து, முழுநாணயமாகக் காட்ட முயல்வது காசுக்கும் கேடு, வாங்குபவருக்கும் வஞ்சனை. அந்தக் காசு உருகாமல் தப்பியது அத்துளையின் புண்ணியத்தால்தான்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனிப்பட்டவர் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். நிலத்திலோ சுவரிலோ புதையலாகக் கிடைப்பதை மாவட்ட அதிகாரியிடம் அறிவிக்கும்படி 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் கட்டளையிடுகிறது. கர்நாடகத்துக்கெனத் தனியே 1962-ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. அறிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தால் இரவோடிரவாக உருக்கிவிடுகிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கக்கூடிய வெகுமதியையும் இழந்து, நாட்டின் சான்றையும் அழிக்கிறார்கள். வெள்ளியின் விலை ஏறும் ஒவ்வொரு காலத்திலும் இந்த அபாயம் பெரிதாகிறது. எடைக்கு விற்கத் துணிந்தவர், அதற்கு முன் ஒருமுறை நாணயம் அறிந்தவர் ஒருவரிடம் காட்டினால், உலோக விலையைக் காட்டிலும் மிகுதியாகவே பெறுவார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக, பலரும் செய்யத் தவறுவது பதிவு. நாணயத்தின் இரு புறங்களையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, எடை, அகலம், ஆண்டு, ஊர்க்குறி, பரிசோதகர் எழுத்து, முத்திரைகள் யாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அதனோடு, அது யாரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது, குடும்பத்தில் அதைப் பற்றி வழங்கும் செய்தி என்ன என்பதையும், நம்பத்தகாததாகத் தோன்றினாலும் விடாமல், சொன்னவர் பெயரோடு குறிக்க வேண்டும். பாட்டனார் சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்தது என்ற ஒரு வரி, காசின் மீதுள்ள சீன முத்திரைக்குக் காரணம் கூறிவிடும். மங்களூர்ப் பக்கத்து மிளகு வியாபாரியின் வீட்டுக் காசு என்ற வரி வேறொரு வழியைக் காட்டும். 1865-இல் நிறுவப்பட்டு இன்று பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் விளங்கும் அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்கோ சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கோ பிற்காலத்தில் ஒருவர் தம் நாணயத்தைக் கொடுக்க நேருமாயின், நாணயத்தோடு இக்குறிப்பும் சேர்ந்து சென்றால்தான் ஆராய்ச்சியாளருக்கு முழுப்பயன் உண்டாகும். குறிப்பைப் பென்சிலால், அமிலமற்ற காகிதத்தில் எழுதி, உறையின் வெளிப்புறத்தில் செருகுக. நாணயத்தோடு ஒட்டி உள்ளே வைக்க வேண்டாம்.